சாவி யாருடையது?

பள்ளிக்கூடம் ஒன்று மூடப்படும்போது ஊரில் பெரிய ஓசை எதுவும் எழுவதில்லை. மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. ஒரு கோடை விடுமுறைக்குப் பின் ஆசிரியர் அடுத்த ஊருக்கு மாற்றப்படுகிறார். கதவில் பூட்டுத் தொங்குகிறது. முதல் மழைக்காலத்தில் கூரை ஓடுகள் சரிகின்றன. அடுத்த மழைக்காலத்தில் கரையான் கதவு நிலையைத் தொட்டுவிடுகிறது. அதற்கடுத்த ஆண்டு திண்ணையில் சீட்டாட்டமும் வகுப்பறையில் வைக்கோலும் இடம்பிடித்துக்கொள்கின்றன.

இந்தியாவின் பல மாநிலங்களில் இது நடந்துள்ளது. ஜார்க்கண்டில் 2016-ஆம் ஆண்டிற்குப் பிறகு, மாணவர் குறைந்த ஆயிரக்கணக்கான சிறு அரசுப் பள்ளிகள் அருகிலிருந்த பள்ளிகளுடன் இணைக்கப்பட்டன. உத்தராகண்டின் மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் வேலையும் கல்வியும் தேடிச் சமவெளிக்கு இறங்கினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அல்மோரா, பௌரி கர்வால் ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள்தொகை முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்திருந்தது. ஊர் மெலியும்போது பள்ளியும் மெலிகிறது. எஞ்சி நிற்பது கட்டடம் மட்டுமே.

இவ்வாறு பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைத் திறந்து, ஊருக்குப் பயன்படும் பொது மையமாக்கச் சிலர் முன்வருவதுண்டு. மாலையில் குழந்தைகளுக்குப் பாடம், ஒரு மூலையில் நூலகம், பெண்களுக்குத் தையல் பயிற்சி, வாரம் ஒருநாள் மருத்துவர் வருகை என்று அங்கே பணிகள் தொடங்குகின்றன. பணி செய்வோர் எவருக்கும் ஊதியம் இல்லை. இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நற்செயல் என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நுட்பமான அறக்கேள்வி ஒன்று எழுகிறது: திறக்கப்பட்ட அந்தக் கதவின் சாவி யாருடையது?

சட்டப்படி அது அரசுக்கோ ஊராட்சிக்கோ உரியது என்று கூறிவிடலாம். கேள்வி அதுவன்று. கூரையைச் செப்பனிட்டவர், சுவருக்கு வெள்ளையடித்தவர், நாள்தோறும் மாலையில் வந்து விளக்கேற்றுபவர் ஆகியோரின் உள்ளத்தில் அந்த இடம் யாருடையதாக இருக்கிறது என்பதே கேள்வி. தன்னலமற்ற பணிக்கு உரிமை என்று ஒன்று உண்டா? கூலி வாங்காமல் உழைத்தவன், தான் உழைத்த இடத்தை ‘எனது’ என்று சொல்லலாமா? வேதாந்தத்தின் மையத்தில் உள்ள வினா, ஒரு கிராமத்துக் கட்டடத்தின் வாசலில் இவ்வடிவில் வந்து நிற்கிறது.

கர்மாட்டாரில் ஒரு வீடு

இவ்வினாவை ஆராய, ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில் உள்ள கர்மாட்டார் என்னும் சிற்றூர் பெரிதும் உதவும். வங்கத்தின் பேரறிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ஈசுவர சந்திர வித்யாசாகர் (1820–1891) தம் வாழ்வின் பிற்பகுதியில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கு வந்து தங்கி வாழ்ந்தார். கைம்பெண் மறுமணத்திற்குச் சட்ட ஏற்புப் பெற்றுத் தந்தவர், பெண்கல்விக்காகப் பள்ளிகள் பல தொடங்கியவர், வறியோருக்கு வாரி வழங்கியவர் என்று போற்றப்பட்ட அவர், நகரத்தின் நன்றியின்மையாலும் உற்றாரின் போக்காலும் மனம் நொந்து, சந்தால் பழங்குடி மக்கள் வாழும் அந்த ஊரைத் தேர்ந்துகொண்டார்.

வித்யாசாகரைப் பற்றி வழிவழியாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. ஒருவர் அவரைப் பழித்துப் பேசித் திரிவதாகச் சிலர் வந்து தெரிவித்தபோது, அம்மனிதருக்குத் தாம் எந்த உதவியும் செய்ததில்லையே, அப்படியிருக்க அவர் ஏன் பழிக்க வேண்டும் என்று வியந்தாராம். வேடிக்கையாகச் சொல்லப்பட்ட சொற்களில் எத்தனை ஆண்டுக் கசப்பு பொதிந்திருக்கிறது! உதவி செய்தோரின் நெஞ்சில் நன்றியின்மை எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதற்கு, அந்த மாமனிதரே சான்றாகிறார்.

அத்தகைய கசப்போடு வந்தவர் கர்மாட்டாரில் வாளா இருந்துவிடவில்லை. தம் வீட்டிற்கு நந்தன் கானன் என்று பெயரிட்டு, அவ்வளாகத்திலேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியும், வயது வந்தோருக்கு ஓர் இரவுப் பள்ளியும், கட்டணமில்லா ஹோமியோபதி மருத்துவமனையும் நடத்தினார். வீடு பள்ளியாயிற்று, பள்ளி ஊர்ப் பொதுவிடமாயிற்று.

அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரி ஒருமுறை அங்கே சென்று, கண்டதை எழுதிவைத்துள்ளார். காலையில் சந்தால் மக்கள் சோளக்கதிர்களை எடுத்துவந்து தங்களுக்குப் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். வித்யாசாகர் அவர்கள் சொன்ன விலையைத் தந்து எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவைத்தார். இத்தனை சோளம் இவருக்கு எதற்கு என்று விருந்தினருக்குப் புரியவில்லை. பிற்பகலில் சந்தால் மக்கள் கூட்டமாக வந்து உணவு கேட்டனர். காலையில் வாங்கிய கதிர்களையே அவர்களுக்கு அவர் எடுத்துக்கொடுத்தார். அவர்கள் நெருப்பு மூட்டிச் சுட்டு உண்டு மகிழ்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்க வேண்டும். பணத்தையும் உணவையும் அவர் நேரடியாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் காலையில் அவர்கள் இரப்பவராக வரவில்லை. விளைவித்ததை விற்பவராக வந்தனர். அந்த நிலையை அவர் மதித்தார். விற்பவருக்குரிய மதிப்பை முதலில் தந்து, பசித்தவருக்குரிய அன்பைப் பின்னர் தந்தார். கொடுப்பவன் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டால்தான் பெறுபவனின் தலை நிமிர்ந்திருக்கும் என்பதை அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டாமலே செய்துகாட்டினார்.

குருதேவர் கூறியது

வித்யாசாகர் நிறுவி வளர்த்த மெட்ரோபாலிட்டன் கல்விக்கூடத்தில்தான் பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தரான நரேந்திரன் சிறுவயதில் பயின்றார். குருதேவரின் உரையாடல்களைப் பதிவு செய்த ‘ம’ என்னும் மகேந்திரநாத் குப்தரும் அந்நிறுவனத்தின் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவரே. 1882-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணர் கல்கத்தாவில் வித்யாசாகரின் இல்லத்திற்குத் தாமே சென்று அவரைச் சந்தித்தார்.

வித்யாசாகரின் பணிகளைக் குருதேவர் மனமாரப் பாராட்டினார். இரக்கம் சத்துவ குணத்திலிருந்து பிறப்பது என்றும், கல்வியும் உணவும் வழங்கும் அப்பணிகளைப் பயன் கருதாமல் செய்தால் அவையே இறைவனிடம் அழைத்துச் செல்லும் என்றும் கூறினார். அத்துடன் நிறுத்தவில்லை. உலகிற்கு நன்மை செய்பவன் இறைவனே. தன்னலமின்றிப் பணி செய்பவன் உண்மையில் தனக்கே நன்மை செய்துகொள்கிறான் என்ற கருத்தையும் விளக்கினார். உள்ளே பொன் புதைந்து கிடப்பதையும், அதன்மீது சிறிது மண் மூடியிருப்பதையும் குறிப்பால் உணர்த்தினார். நூறு பேருக்கு நன்மை செய்தவரிடம், இன்னும் ஆழமான ஒன்று உள்ளே காத்திருக்கிறது என்பதை அன்போடு எடுத்துச் சொன்ன சந்திப்பு அது.

சேவையாளன் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இருக்க முடியாது. ‘நான் உலகிற்கு உதவுகிறேன்’ என்ற எண்ணத்தில், உலகம் கீழேயும் தான் மேலேயும் இருக்கும் ஒரு படம் மனத்தில் வரையப்பட்டுவிடுகிறது. ‘இப்பணியால் நான் தூய்மை பெறுகிறேன்’ என்ற எண்ணத்திலோ, உதவி பெறுபவரே வாய்ப்பு வழங்குபவராகிவிடுகிறார். செயல் ஒன்றே, ஆனால் கடன்பட்டவர் யார் என்பது தலைகீழாகிறது.

ஒரு ரூபாயின் மதிப்பு

வித்யாசாகர் 1891-இல் மறைந்தார். அதன்பின் நந்தன் கானனுக்கு என்ன நேர்ந்தது? அவருடைய மகனால் அது விற்கப்பட்டு, கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தாரிடம் சென்றது. பெண்கள் படித்த இடம், உழவர்கள் இரவில் எழுத்துக் கற்ற இடம், நோயாளிகள் மருந்து பெற்ற இடம், பத்திரத்தில் ஒரு சொத்தாக மட்டும் இருந்தது. சொத்து, சொத்துக்குரிய வழியே சென்றது.

இதில் எவரையும் குறைகூற வேண்டுவதில்லை. அங்கு நடந்த பணி அனைத்தும் ஒரு பெருமனிதரின் நெஞ்சிலிருந்து ஊறியது. நெஞ்சு நின்றபோது ஊற்றும் நின்றது. எவ்வளவு தூயதாயினும், ஒருவரையே அச்சாணியாகக் கொண்ட பணிக்கு அவருடைய ஆயுளே எல்லை என்பதை அவ்வீட்டின் வரலாறு காட்டுகிறது.

பல பத்தாண்டுகளுக்குப் பின், அவ்வீடு இடிக்கப்படும் நிலை நெருங்கியபோது, பீகாரில் வாழ்ந்த வங்காளிகளின் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. அப்போது கர்மாட்டார் பீகாரில் இருந்தது. ஒரு செல்வரிடம் சென்று பெருந்தொகை கேட்பதற்கு மாறாக, அவர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு ரூபாய் வீதம் திரட்டினார்கள். அவ்வாறு திரண்ட பணத்தைக் கொண்டு 1974-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் நந்தன் கானன் வாங்கப்பட்டது. பெண்கள் பள்ளி வித்யாசாகரின் பெயரில் மீண்டும் தொடங்கப்பட்டது; இலவச ஹோமியோபதி மருத்துவமும் திரும்பியது; அவர் வாழ்ந்த வீடு பழைய வடிவிலேயே பேணப்பட்டது. கர்மாட்டார் ரயில் நிலையம் வித்யாசாகரின் பெயரைப் பெற்றது.

பழைய பள்ளியிடம் ஒன்று பொது மையமாக மறுபிறவி எடுத்த கதை இது. இதில் சிந்திக்கத்தக்கது தொகையின் அளவன்று, அது வந்த வகை. ஒரு செல்வர் வாங்கித் தந்திருந்தால் நந்தன் கானன் மீண்டும் ஒருவருடைய கொடையாகியிருக்கும். ஒரு ரூபாய் தந்தவர் எவரும் ‘என்னால் நடந்தது’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. ‘எனக்கு இதில் பங்கில்லை’ என்றும் சொல்ல முடியாது. பெருமைக்கு இடம் தராத அளவு சிறியதும், பொறுப்பிலிருந்து விலக இடம் தராத அளவு பெரியதுமாக அந்த ஒரு ரூபாய் அமைந்தது. வித்யாசாகரின் பெருங்கொடை சாதிக்க முடியாத ஒன்றை அந்தச் சிறு காசு சாதித்தது.

அதே மண்ணில் இரண்டு செய்திகள்

ஜார்க்கண்ட் மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் உருவானது. அடுத்த ஆண்டு ஜாம்தாரா தனி மாவட்டமாயிற்று. பின்னர் அம்மாவட்டத்தின் பெயர், குறிப்பாகக் கர்மாட்டார் பகுதியின் பெயர், நாடெங்கும் வேறொரு காரணத்திற்காகப் பேசப்பட்டது. தொலைபேசியில் வங்கி அதிகாரிபோல் பேசி, மறைவெண்களைப் பெற்று, முகம் தெரியாத மனிதர்களின் சேமிப்பைக் கவரும் மோசடிக்கு ஜாம்தாரா அடையாளமாக்கப்பட்டது. திரைத்தொடர் ஒன்றும் அப்பெயரில் 2020-இல் வெளிவந்தது. சிலர் செய்த குற்றத்தை ஒரு மாவட்டமே சுமந்தது.

அதே 2020-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே மற்றொன்று தொடங்கிற்று. அப்போதைய மாவட்டத் துணை ஆணையர் ஃபைஸ் அக் அகமது மும்தாஜ் அவர்களின் முயற்சியால், பயன்பாடின்றிப் பாழடைந்து கிடந்த அரசுக் கட்டடங்கள் செப்பனிடப்பட்டுச் சமுதாய நூலகங்களாக்கப்பட்டன. சில ஆண்டுகளில் மாவட்டத்தின் 118 ஊராட்சிகளுக்கும் இத்திட்டம் விரிந்தது. கட்டடத்தைச் சீராக்கித் தருவது நிர்வாகத்தின் பங்கு. நடத்துவது ஊராரின் பங்கு. தலைவர், பொருளாளர், நூலகர் ஆகியோர் அந்தந்த ஊரிலிருந்தே வந்தனர். ஆசிரியர்கள் தாமாக முன்வந்து, வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு வழிகாட்டினர்.

கொடுக்காமல் எடுப்பது திருட்டு. எடுப்பதற்கு ஈடாகக் கொடுப்பது வாணிகம். எடுக்காமல் கொடுப்பது தொண்டு. ஜாம்தாராவின் ஒரு செய்தி முதல் வகையையும் மற்றொரு செய்தி மூன்றாம் வகையையும் சேர்ந்தவை. இளைஞன் ஒருவன் எந்தக் கதவு வழியே செல்கிறான் என்பதை, திறந்திருக்கும் கதவு எது என்பதும் ஓரளவு தீர்மானிக்கிறது. ஆகவே பாழடைந்த கட்டடத்தைத் திறப்பது எளிய செயலன்று. அது ஓர் ஊரின் இளமைக்கு வேறொரு வழியைக் காட்டுவது.

கண்ணுக்குத் தெரியாத கூலி

ஆயினும் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். எடுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே எடுப்பது என்று நான்காவது வகை ஒன்றும் உண்டு. தொண்டு செய்பவனை அணுகுவது பெரும்பாலும் இந்த நான்காவதே.

இத்தகைய மையங்கள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே வகையில் தொடங்குகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி முடித்த இளைஞர் இருவர், ஒரு கடைக்காரர், ஒரு தாய் என்று நாலைந்து பேர் சேர்கிறார்கள். முதல் ஆண்டில் எல்லாரும் பெருக்குகிறார்கள், எல்லாரும் தண்ணீர் சுமக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் பெயர்ப்பலகை வருகிறது. மூன்றாம் ஆண்டில், பலகையில் யார் பெயர் முதலில் என்ற கேள்வி வருகிறது. ஒருவரிடம் சாவி நிலைத்துவிடுகிறது. அவர் ஊருக்குச் சென்றால் கதவு திறப்பதில்லை. புதிதாக வந்த இளைஞன் நாற்காலிகளை வேறு வகையில் போட்டால், ‘இது எத்தனை பாடுபட்டு உருவாக்கியது தெரியுமா?’ என்று கேட்கப்படுகிறது. இளைஞன் மறுநாள் வருவதில்லை. கூரையில் ஓட்டை விழுவதற்கு முன்பே மையத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

சாவி வைத்திருந்தவர் தீயவரல்லர். ஒரு காசுகூட எடுத்ததில்லை. அதுவே அவருடைய வாதமும் ஆகிறது. ஆனால் பணமாகப் பெறாத கூலியை அவர் வேறு நாணயத்தில் பெற்றுக்கொண்டிருக்கிறார். மரியாதை, அதிகாரம், ‘அவர் இல்லாவிட்டால் நடக்காது’ என்ற சொல் ஆகியவையே அந்த நாணயம். ஊதியம் பெறும் பணியாளனுக்கு மாத முடிவில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஊதியம் பெறாதவனுக்கோ கணக்கு ஒருநாளும் தீர்வதில்லை. ஊர் தனக்குக் கடன்பட்டிருப்பதாகவே அவன் உள்மனம் எழுதிக்கொண்டு போகிறது. அக்கடன் வசூலாகாதபோது, வித்யாசாகர் போன்ற பெரியோரையே தைத்த அந்தக் கசப்பு எளிய மனிதனை விழுங்கிவிடுகிறது.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் கொடையை மூவகையாகப் பிரிக்கிறார். கைம்மாறு கருதாமல், கடமை என்று உணர்ந்து, தகுந்த இடத்திலும் காலத்திலும் தகுந்தவர்க்கு அளிப்பது சாத்துவிகம். திரும்பப் பெறும் எண்ணத்தோடோ மன வருத்தத்தோடோ அளிப்பது ராஜசம். இடமும் காலமும் பாராமல், மதிப்பின்றி இகழ்ந்து அளிப்பது தாமசம். நேரத்தையும் உழைப்பையும் தருவதும் கொடையே. முதல் ஆண்டில் சாத்துவிகமாக இருந்த கொடை, மூன்றாம் ஆண்டில் ராஜசமாக மாறியிருப்பதைக் கொடுப்பவனே அறிவதில்லை. ஏனெனில் கை செய்யும் வேலை மாறவில்லை. பெருக்கிய கை இன்றும் பெருக்குகிறது. ஆனால் அதற்குப் பின்னிருக்கும் மனம் இடம் மாறிவிட்டது.

இம்மாற்றத்தின் வேரை ஆதிசங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முன்னுரையில் காட்டுகிறார். ஒன்றின் இயல்பை மற்றொன்றின்மீது ஏற்றிக் காண்பதே அத்யாசம். மனைவி மக்களுக்கு நேர்ந்த நிறைகுறைகளைத் தனக்கே நேர்ந்ததாக மனிதன் கருதுவதை அவர் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். பொது மையத்தை நடத்துபவருக்கும் இது முற்றிலும் பொருந்தும். மையத்தைப் பற்றி எவரேனும் குறை சொன்னால் அவருடைய முகம் வாடுகிறது. பாராட்டினால் மார்பு விரிகிறது. செங்கல்லும் ஓடும் அவருடைய ‘நான்’ என்பதன் உறுப்புகளாகிவிட்டன. தத்துவ வகுப்பில் கடினமாகத் தோன்றும் அத்யாசம், ஊர் நூலகத்தின் மேசையருகே கண்கூடாகத் தெரிகிறது.

மூன்று தடைகள்

இதற்கு மறுப்பாகச் சிலவற்றை எழுப்பலாம். அவற்றை ஒதுக்கிவிடாமல் ஆராய்வதே முறை.

முதலாவது: ‘எனது’ என்ற எண்ணம் இல்லாவிட்டால் பொறுப்பு எங்கிருந்து வரும்? ஒழுகும் கூரையை யார் மாற்றுவார்? எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்று ஆகிவிடாதா? இது நியாயமான ஐயம். கட்டடம் பாழடைந்ததற்கே அதுதான் காரணம் என்றும் வாதிடலாம். ஆனால் உடைமையும் பொறுப்பும் ஒன்றல்ல. குருதேவர் அடிக்கடி கூறிய எடுத்துக்காட்டு ஒன்று இங்கு வழிகாட்டுகிறது. பணக்காரர் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண், எசமானரின் குழந்தைகளைத் தன் குழந்தைகளைப் போலவே வளர்க்கிறாள். ‘என் பிள்ளை’ என்றும் கொஞ்சுகிறாள். ஆயினும் அவர்கள் தன்னுடையவர்கள் அல்லர் என்பதை உள்ளூர அறிவாள். அவளுடைய கவனிப்பில் குறை எதுவும் இல்லை. உரிமை கொண்டாடுவது மட்டுமே இல்லை. கூரையை மாற்றுவதற்கு அன்பு போதும். ‘எனது’ என்னும் எண்ணம் வேண்டியதில்லை.

இரண்டாவது: கல்வியும் மருத்துவமும் அரசின் கடமைகளல்லவா? தொண்டர்கள் அவற்றைச் செய்வதால் அரசு தன் கடமையிலிருந்து நழுவ வழி ஏற்படாதா? இதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைக் குழந்தைகளின் உரிமையாக்கியுள்ளது. ஒரு பள்ளி மூடப்பட்டதால் சிறுகுழந்தைகள் காட்டுவழியே நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தால், முதற்கடமை பள்ளியை மீண்டும் கேட்பதே. மாலை வகுப்பு நடத்திவிட்டு மனநிறைவு கொள்வது அக்கடமைக்கு ஈடாகாது. குழந்தையின் உரிமையைத் தன் கருணையாக மாற்றிக் கொடுப்பவன், அறிந்தோ அறியாமலோ அவ்வுரிமையைக் குறைத்துவிடுகிறான். தொண்டு, நீதிக்கு மாற்று அன்று. பள்ளி உண்மையிலேயே தேவையற்றுப்போன இடத்தில், அல்லது பள்ளி தர முடியாததைத் தருவதற்கு, பொது மையம் வரட்டும்.

மூன்றாவது: படிப்பறிவும் பொதுவாழ்வுப் பயிற்சியும் இல்லாத மக்களிடம் சாவியைக் கொடுத்தால் மையம் நிலைக்குமா? இந்த ஐயத்தில் கருணையின் உடையணிந்த இறுமாப்பு ஒளிந்திருக்கிறது. சந்தால் சிற்றூர்களில் மாஞ்சி எனப்படும் ஊர்த்தலைவரும், ஊரார் கூடி முடிவெடுக்கும் பொதுவிடமும் தொன்றுதொட்டு உண்டு. கூடி வாழும் முறையை அவர்களுக்கு வெளியிலிருந்து எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சமுதாயம் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு அங்கே செல்பவர், ஏற்கெனவே அங்குள்ள சமுதாயத்தைக் காணத் தவறினால், அது அவருடைய பார்வைக் குறைவே.

சாவியைக் கைமாற்றுதல்

அப்படியானால் சாவி யாருடையது? ஈசாவாஸ்ய உபநிஷதம் தன் முதல் மந்திரத்திலேயே உடைமை பற்றிய இவ்வினாவைத் தீர்த்துவிடுகிறது. அசையும் உலகம் அனைத்தும் இறைவனால் நிறைந்திருப்பதால், எதையும் தனதென்று பற்றிக்கொள்ள எவருக்கும் இடமில்லை. துறந்து துய்ப்பதே அது காட்டும் வழி. இதன்படி நோக்கினால், மையத்தின் சாவி இறைவனுடையது. அவன் அங்கே மாலைப் பாடத்திற்கு வரும் சிறுமியாகவும், நாளிதழ் படிக்க வரும் முதியவராகவும், காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வரும் தாயாகவும் வருகிறான். தொண்டன் கதவைத் திறந்துவிடும் வேலையை ஏற்றவன். சிவனாகக் கருதி உயிர்களுக்குத் தொண்டு செய் என்று குருதேவர் உணர்த்தியதன் நடைமுறைப் பொருள் இதுவே. கோயில் கதவைத் திறக்கும் அர்ச்சகர், கருவறையில் தாம் அமர்வதில்லை.

இது வெறும் உணர்ச்சியாக நின்றுவிடாமல் ஒழுங்காகவும் மாற வேண்டும் என்பதைச் சுவாமி விவேகானந்தர் செயலில் காட்டினார். குருதேவரின் மறைவுக்குப் பின் 1886-இல் இளந்துறவியர் குடியேறியது வராகநகரில் ஒரு பாழடைந்த வீட்டில். பேய் வீடு என்று ஊரார் அஞ்சியதால் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது அது. அங்கு தொடங்கிய சங்கம், பல ஆண்டுகளின் தவத்திற்கும் உழைப்பிற்கும் பின் பேலூரில் தனக்கென நிலமும் கோயிலும் பெற்றது. மேலைநாட்டிலும் கீழைநாட்டிலும் அலைந்து பொருள் திரட்டி அந்த இடத்தை உருவாக்கியவர் சுவாமிஜி. 1901-ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சொத்துகளைப் பொறுப்பாளர் குழுவிடம் ஒப்படைக்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். பொறுப்பாளர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் சகோதரத் துறவியர் பதினொருவர். அப்பட்டியலில் சுவாமிஜியின் பெயர் இல்லை. சங்கத்தின் தலைமை சுவாமி பிரம்மானந்தரிடம் சென்றது.

உலகறிந்த ஒருவர், தாம் எழுப்பிய மாளிகையின் சாவியைத் தம் வாழ்நாளிலேயே, தம் கையாலேயே பிறரிடம் கொடுத்துவிட்டு நின்றார். அடுத்த ஆண்டே அவர் மகாசமாதி அடைந்தார். பணி தொடர்ந்தது. அவருடைய உள்ளத் துறவு ஓர் ஆவணத்தின் வடிவம் பெற்றதாலேயே அது தொடர முடிந்தது. பற்றின்மையைப் பேசுவது எளிது; அதைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுவதே அரிது.

சிற்றூரின் சிறு மையத்திலும் இதைப் பின்பற்ற இயலும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்டப்படட்டும். அங்கே ஒரு ரூபாய் தந்தவரும் ஆயிரம் ரூபாய் தந்தவரும் ஒரே எழுத்தளவில் இடம்பெறட்டும். பொறுப்புகளுக்குக் கால வரையறை இருக்கட்டும். சாவி ஒரு வீட்டில் தங்காமல் முறைவைத்துச் சுற்றிவரட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பெறுபவர் என்று வந்தவர் தருபவராக மாற வழி இருக்கட்டும். முதல் ஆண்டில் எழுத்துக் கற்ற சிறுமி, ஐந்தாம் ஆண்டில் தன்னைவிடச் சிறியவர்களுக்குக் கற்பிக்கட்டும். காலையில் சோளம் விற்றவர்களுக்கு வித்யாசாகர் அளித்த மதிப்பு, இக்காலத்தில் இவ்வாறுதான் வடிவம் பெற முடியும்.

இவை நிர்வாக விதிகளைப் போலத் தோன்றினாலும் உண்மையில் சாதனைகளே. கணக்கை ஒட்டுவது சத்தியம். பதவியிலிருந்து இறங்குவது தியாகம். தன்னைவிட இளையவன் தன்னைவிட நன்றாகச் செய்வதைக் கண்டு மகிழ்வது, ‘நான்’ என்பதைக் கரைக்கும் தவம். பூசை அறையில் வருடக்கணக்கில் முயன்றும் அசையாத அகந்தை, ஒரு சாவியை மனமார மற்றொருவர் கையில் வைக்கும்போது சற்றே நெகிழ்கிறது. குருதேவர் வித்யாசாகருக்குச் சுட்டிக்காட்டிய பொன்னின்மீது மூடியிருக்கும் மண், இப்படித்தான் பிடிபிடியாக அகலுகிறது.

ஒரு மையம் நன்றாக நடக்கிறதா என்பதை அறிய, அதைத் தொடங்கியவர் அங்கே இல்லாத நாளில் சென்று பார்க்க வேண்டும். கதவு உரிய நேரத்தில் திறந்திருந்து, குழந்தைகள் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, எவரும் அவரைத் தேடாமலிருந்தால், அவருடைய பணி நிறைவேறியிருக்கிறது. அச்செய்தியைக் கேட்டு அவர் உள்ளத்தில் சிறிதும் வருத்தம் எழாமல் மகிழ்ச்சியே எழுந்தால், அவருடைய சாதனையும் நிறைவேறியிருக்கிறது. பூட்டிய பள்ளிகளைத் திறக்க முன்வருவோர் அனைவருக்கும் அந்த இரண்டாவது நிறைவையும் குருதேவர் அருள்வாராக.